தேவமலருக்காக எழாத கை

1.

இந்தக் கதை, தாரணி தன் தோழியிடம் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை மறைக்க அவள் முதலில் கட்டுரைதான் எழுத உட்கார்ந்தாள். அதிகாரத்துக்கு அடங்கிப்போகும் அரசியல் ஒரு நாட்டில் எங்கே வேர்விடுகிறது என்பது தலைப்பு. "காலனிய உழைப்பு முறையின் படிநிலைகளானவை..."

[அடித்தாயிற்று. எழுதியவளுக்கே கொட்டாவி வந்தது.]

2.

குருபோங் கோயில் மண்டபத்தில் போன வருட ஆண்டுக் கூட்டம். இருபத்திரண்டு வருடமாகப் புவனேந்திரன்தான் கோயில் நிர்வாகத் தலைவர். அவருடைய தாத்தா இங்கே இருந்த பழைய ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்த கங்காணி.

[இங்கே அவருக்கு முறுக்கு மீசை வைத்திருந்தாள். உண்மையில் அவருக்கு மீசையே கிடையாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவர். வில்லனாக மாட்டேன் என்கிறார், பெரிய தொல்லை.]

அவரை எதிர்த்துத் தாரணியின் தோழி தேவமலர் நின்றாள். வழிமொழிவதாகத் தாரணி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"தேவமலர வழிமொழியறவங்க கை தூக்குங்க," என்றார் செயலாளர்.

எல்லோரும் புவனேந்திரன் முகத்தைப் பார்த்தார்கள். தாரணியும் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது.

"யாரும் இல்லயா? அப்ப அண்ணனுக்கே ஓட்டு லா. பேரு வாசிக்கிறேன், தூக்குங்க."

"தாரணி!"

கை விருட்டென்று மேலே போய்விட்டது. பெரட்டில்* நிற்கிற மாதிரி.

* விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திக் கங்காணி பேர் கூப்பிடுவது. தாரணி பிறக்கும் முன்பே தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அவள் பெரட்டைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவளுடைய கைக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

3.

முடிவு ஒன்று: தேவமலர் ஜெயிக்கிறாள். (எழுதிவிட்டுத் தாரணி வெட்கப்பட்டாள்.)

முடிவு இரண்டு: புவனேந்திரன் கண்கலங்கித் தாமே விலகி... (அவரே சிரிப்பார்.)

நடந்தது இது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே தேவமலர் கேட்டாள்.

"ஏன்டி தூக்கல?"

"தொண்ட கட்டிக்கிச்சு மலரு."

"கை தூக்க தொண்ட எதுக்குடி?"

அதற்குப் பிறகு ஒரு வருடம் பேச்சே இல்லை. நேற்று வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "நாளான்னைக்கு மறுபடி நிக்கிறேன். உன்கிட்ட கேக்கல."

அந்தக் 'கேக்கல'தான் தாரணிக்கு வலித்தது.

4.

நாளை கூட்டம். மூன்றாவது முடிவை எழுதத் தாரணி இரண்டு முறை உட்கார்ந்தாள். "செயலாளர் கேட்டு முடிப்பதற்குள் அவள் கை..."

நிறுத்திவிட்டாள். எழுதி முடித்தால் தூக்கிவிட்ட நிம்மதி வந்துவிடும், அப்புறம் நாளைக்குக் கை மடியிலேயே கிடக்கும். அவளுக்கு அவளைத் தெரியும்.

அதனால் முடிவு இங்கே இல்லை. காலை பத்து மணிக்கு மண்டபத்தில் இருக்கிறது. நீங்களும் வரலாம். ஆனால் தாரணி தூக்குகிறாளா என்று பார்த்துவிட்டுத் தூக்கலாம் என்று மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள். போன வருடம் மண்டபம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.