நாலாவது கல்

காந்தலூருக்கு மேலே, பாறைத்திட்டில் இருக்கும் முனியறையைப் பற்றிச் சுவக்கீன் சொன்ன பொய்களை அடுக்கி வைத்தால், பக்கத்தில் ஆனமுடிச் சிகரம் கரையான் புற்று மாதிரித் தெரியும்.

தேயிலை பேக்டரியில் முப்பது வருசம் மெஷின் ஓட்டி ரிட்டயரான மனுசன், சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டார். நாலு பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு மூடுகல்லைக் கவிழ்த்து, ஆள் குனிந்து நுழைகிற மாதிரி கட்டியது அந்த அறை. மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் செத்தவர்களுக்குக் கட்டியது என்பார்கள் படித்தவர்கள். சுவக்கீனுக்கு அது போதுமா?

"எகிப்து ராசா இங்க ஆள் விட்டு அளவெடுத்துட்டுப் போய்த்தான் பிரமிடு கட்டினான். இப்ப பாருங்க, மூணே கல்லு மேல நிக்குது. நாலாவது வேண்டாம்னு கணக்குப் போட்டே கட்டிருக்கான். வானம் இடிஞ்சு விழுந்தாலும் அசையாது."

நாலாவது கல் அவர் வீட்டுக் கொல்லையில் துவைகல்லாகக் கிடந்தது.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டை விட்டுப் பாறைக்குக் கீழே வீடு கட்டிய புதிதில், மனைவி செபமாலையம்மாள் துணி துவைக்க நல்ல கல் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சுவக்கீன் கடப்பாரையுடன் ஏறி, மேற்குப் பக்கத்துப் பலகையை நெம்பி, உருட்டுக்கட்டை போட்டுச் சரிவில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூடுகல் அசையவில்லை. அன்றிலிருந்து தன் பொய்யை அவரே பாதி நம்பினார்.

இந்த ஐப்பசியில் மழை பத்து நாள் ஓயவில்லை. மேகம் இறங்கி வந்து பூண்டுக்காட்டில் குடித்தனமே வைத்துவிட்டது. பாறையிடுக்கு மண் கரைந்தது. திங்கட்கிழமை மூடுகல்லுக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். வியாழக்கிழமை அதில் சுவக்கீனின் சுண்டுவிரல் நுழைந்தது.

மழை வந்தால் ஆடு மேய்க்கும் காளிச்சாமி அதற்குள்தான் ஒதுங்குவார். சுவக்கீனின் கதைகளுக்கு அவரைப் போல ரசிகர் கிடையாது.

"காளிச்சாமி, இனிமே அதுக்குள்ள போகாத."

"ஏண்ணே?"

ஒரு கல்லை நான் எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். சொன்னால் கேசு வரும். பழங்காலச் சின்னத்தைப் பெயர்த்தவன் என்று ஊரெல்லாம் பேசும். அப்புறம் எந்த முகத்தோடு பிரமிடு கதை சொல்வது?

"உள்ள ராஜநாகம் அடைஞ்சிருக்கு. நாப்பது அடி. நேத்து ஒரு காட்டெருமைய முழுங்கிட்டு ஏப்பம் விட்டுச்சு."

"கொம்போடயா?"

"கொம்பை மட்டும் துப்பிருச்சு."

காளிச்சாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ இருக்கிற வரைக்கும் இந்த மலைக்கு சினிமாக் கொட்டகையே வேண்டாம்ணே." ஆடுகளை மேலே ஓட்டிக்கொண்டு போனார். சுவக்கீனும் சிரித்தார்.

மூன்று மணிக்கு மழை வலுத்தது. கொஞ்ச நேரத்தில் பாறைக்கு வெடி வைத்தது போல ஒரு சத்தம்.

சுவக்கீன் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூடுகல் மேற்கே சரிந்து கிடந்தது. காளிச்சாமி இடுப்பு வரை அதற்கடியில். ஆடுகள் சுற்றி நின்று கத்தின.

"பாம்பு இல்லண்ணே" என்றார் காளிச்சாமி, மெதுவாக.

பூண்டுக்காட்டிலிருந்து சுவக்கீனின் தம்பி மகன் ஜோஜோவும் ஐந்தாறு ஆட்களும் ஓடி வந்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் மூடுகல் நாலு விரற்கடை எழும்பியது. முட்டுக் கொடுத்த மரக்கட்டை நொறுங்கிப்போனது.

"நல்ல பலகைக்கல்லு ஒண்ணு வேணும்" என்றான் ஜோஜோ. எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வழுக்குப் பாறையைத் தவிர எதுவும் இல்லை.

சுவக்கீன் வாய் திறப்பதற்குள் ஒரு பூண்டு வெள்ளாமையே எடுத்திருக்கலாம்.

"எங்க வீட்டுல ஒண்ணு கிடக்கு."

ஆறு பேர் கம்பு கட்டித் தூக்கி வந்தார்கள். அதில் செபமாலையம்மாள் காலையில் போட்ட நீலச் சோப்பு இன்னும் நுரைத்தது. நெம்ப நெம்பக் கல்லைச் சரிவாக உள்ளே செருகி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். தட்டவோ செதுக்கவோ வேண்டியிருக்கவில்லை. மூவாயிரம் வருசத்துக்கு முன்னால் எவனோ பாறையில் வெட்டி வைத்த பள்ளத்தில், டப்பாவுக்கு மூடி போல, கல்லின் அடி போய் உட்கார்ந்தது. மூடுகல் நின்றது.

காளிச்சாமியை வெளியே இழுத்தார்கள். மூச்சு இல்லை.

ஜோஜோ பள்ளத்தைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். அதிலிருந்து நீல நுரை வழிந்து இறந்தவர் தலைமாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"எத்தனை வருசமாச்சு, பெரியப்பா?"

"பதினெட்டு" என்றார் சுவக்கீன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு வருசம்கூடச் சேர்த்துச் சொல்லவில்லை.