கிணற்றடி வயல் மண்

ஊற்றிய பால் கடைவாய் வழியே ஒழுகிக் காதுமடலுக்குப் போனது. பவளம் முந்தானையால் துடைத்தாள். நேற்றிலிருந்து ஊரே வந்து ஊற்றிவிட்டுப் போகிறது. ஒரு சொட்டுகூட அவள் அப்பா சோலைமுத்துவின் தொண்டையில் இறங்கவில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. பார்க்க வந்தவர்களுக்கே தாங்கவில்லை, பெற்ற மகளுக்கு எப்படி இருக்கும்?

"மண்ணாசடா இது," என்றார் ஊர்ப் பெரியவர் பெருமாள்சாமி. "லேசுல போகாது. அவன் வயக்காட்டு மண்ண ஒரு பிடி எடுத்தாந்து கரைச்சு ஊத்துங்க. செத்த நேரத்துல அடங்கிரும்."

எல்லாரும் தம்பிக்காரன் மலைச்சாமியைப் பார்த்தார்கள். அவன் கூரையைப் பார்த்தான்.

கன்னிவாடியில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கிணற்றடி வயல். சோலைமுத்து அதைத் தம்பி கையில் விட்டுவிட்டு வாலிப வயதில் பர்மாவுக்குப் போனவர். அங்கே பெகுப் பக்கம் சதுப்பைத் திருத்தி நெல் விளைவித்தார். போன வருஷம் அந்த ஊர் அரசாங்கம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றிவிட்டது. மனைவி ஒச்சம்மாள், அங்கேயே பிறந்து வளர்ந்த பவளம், ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான் மிச்சம். மலைச்சாமி தன் மாட்டுத்தொழுவத்தில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துக் கொடுத்தான். வயலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் பவளத்தை 'பர்மாக்காரி' என்றார்கள். அங்கே இந்தியாக்காரி என்று விரட்டினார்கள், இங்கே இப்படி. எந்த ஊர்தான் எனக்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மண்ணெடுத்துக் குடுத்தா அது அண்ணன் மண்ணுன்னு ஆயிரும்ல?" என்றான் மலைச்சாமி மெதுவாக.

"அடப்பாவி! சாகக் கெடக்கிறவன் தலமாட்டுலயா பங்கு பேசுவ?" என்றார் பெருமாள்சாமி.

"சாகிறவருக்கு ஒரு பிடி போதும்யா. இருக்கிறவுக மொத்தமும் கேப்பாகளே. இம்புட்டு வருசமா ஒத்த ஆளா ஒழச்சிருக்கேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல? பங்கு கேக்க மாட்டேன்னு மதினி இங்கன ஒரு வார்த்த சொல்லட்டும். ஓடிப்போயி எடுத்தாரேன்."

பவளத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்த வயலில் பாதி வந்தால்தான் அம்மாவும் அவளும் நாளைக்குக் கஞ்சி குடிக்க முடியும்.

"அம்மா, சொல்லாத. சொல்லிராத."

சோலைமுத்துவின் தொண்டையில் சளி கரகரவென்று இழுத்தது. ஒச்சம்மாள் மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இழுவை நிற்கிற வழியாக இல்லை.

"கேக்க மாட்டோம் தம்பி. ஊரு சாட்சி. மண்ண எடுத்துட்டு வாங்க."

மலைச்சாமி ஓடினான். அண்ணன்மேல் பாசம் இல்லாதவன் என்று சொல்லிவிட முடியாது. வேட்டி தடுக்கத் தடுக்கத்தான் ஓடினான். இலையில் செம்மண்ணோடு திரும்பி வந்தபோது அவனுக்கும் மூச்சு வாங்கியது. அவன் பெண்டாட்டி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒச்சம்மாள் மண்ணைக் கரைத்து, தெளிவை மெல்ல வாயில் விட்டாள்.

அதுவும் ஒழுகியது.

"இன்னொரு மடக்கு விடு தாயி," என்றார் பெருமாள்சாமி. விட்டாள். செம்மண் தண்ணீர் தாடியில் இறங்கியது. பவளம் துடைக்கக் குனிந்தபோது அப்பாவின் கண் லேசாகத் திறந்தது. உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"கர ஒடைஞ்சிருச்சு... ஆத்துத் தண்ணி ஏறுது... நாத்து போயிரும். அடைச்சியா புள்ள?"

கிணற்றடி வயலுக்கு ஏது ஆறு? ஆடி மாதம் வந்தால் பெகுவில்தான் ஆற்று வெள்ளம் ஏறும். அப்பாவும் அவளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று சேற்றை அள்ளிப் போட்டு மிதித்து மிதித்துக் கரையை அடைப்பார்கள். அந்த வயலில் இப்போது யார் நட்டுக்கொண்டிருக்கிறார்களோ. ஐயோ, இதற்காகவா அம்மா பங்கு வேண்டாம் என்றாள்! அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அடைச்சிட்டேன்ப்பா," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நல்லா மிதிச்சிட்டேன். இனி ஏறாது."

"நாத்து?"

"நிக்குதுப்பா. அம்புட்டும் நிக்குது."

மூச்சு ஒருமுறை உள்ளே போனது. வெளியே வந்தது. பிறகு வரவில்லை.

"பாத்தீகளா?" என்றார் பெருமாள்சாமி. "மண்ணு எறங்கவும் போயிட்டான். சொந்த மண்ணுன்னா சும்மாவா!"

மலைச்சாமி "அண்ணே!" என்று தலையில் அடித்துக்கொண்டு விழுந்தான். ஒச்சம்மாள் புருஷன் காலைக் கட்டிக்கொண்டு, "நிம்மதியாப் போயிட்டீகளா, நிம்மதியாப் போயிட்டீகளா," என்று அழுதாள். பவளம் அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்பா கேட்டது என்ன என்று அம்மாவிடம் சொல்லவில்லை. இனிமேல் எப்போதும் சொல்ல முடியாது.

சித்தி கையை நீட்டினாள். "டம்ளரக் குடு, கழுவி வைக்கேன்."

அடியில் செம்மண் கெட்டியாகத் தங்கியிருந்தது. பவளம் எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தாங்க சித்தி. உங்க மண்ணு அப்படியே இருக்கு."

டம்ளரை வாங்கிக்கொண்ட சித்தி அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.