பெபெத் மனாங் கை நனைக்காத நாள்

மின்சாரம் திரும்பி வந்ததும் வில்மர் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினான். விசிறிகள் சுற்றின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீண்ட சத்தம், பின்னாலேயே இரண்டு குட்டைச் சத்தம். மறுபடி அமுக்கினான், மறுபடி அதே மூன்று. என் கணவன் நல்ல கேமராக்காரன். ஆனால் எந்த இயந்திரம் மக்கர் செய்தாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பொத்தானை அமுக்குவதுதான். ஆறாவது தடவை நீண்ட கையைத் தட்டிவிட்டேன். மணி ஒன்றேகால்.

எங்கள் ஊரில் காலையில் சர்ச்சில் எடுத்த கல்யாணப் படத்தை, வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து, அன்று மாலை விருந்திலேயே போட்டுக் காட்டியாக வேண்டும். பன்றி இல்லாத விருந்தைக்கூட மன்னித்துவிடுவார்கள், படம் இல்லாத விருந்தை ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். வெட்டி ஒட்டுவது என் வேலை. பேர் கெட்டால் கெடட்டும், எனக்கு அன்று பெரிய கவலை சலோமே அத்தை. கல்யாணப் பெண் மெர்லிண்டின் அம்மா. பதினொரு வருஷமாக குவைத்தில் வீட்டு வேலை. மகள் கல்யாணத்துக்கு லீவு வாங்கிக் கிளம்பியவள் புயலால் மணிலாவில் மாட்டிக்கொண்டாள். பாதிரியாருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று கல்யாணம், பத்து மணியை ஒரு நிமிஷம்கூடத் தள்ள மாட்டேன் என்றுவிட்டார். மெர்லிண்ட் அம்மா இல்லாமலே பீடத்துக்கு நடந்தாள். அத்தை ஆறு மணிக்கு நேராக விருந்துக்கு வந்துவிடுவாள். மகள் நடந்ததைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே வழி நான் செய்யப்போகும் படம்தான்.

“இந்த மூணு சத்தம் வந்தா கிராஃபிக்ஸ் கார்டு போச்சுன்னு அர்த்தம். கரண்ட் வந்தப்ப பல்பு எப்படிப் பளிச்சுனு எரிஞ்சுது பாத்தியா? கரிஞ்ச வாடை வேற வருது” என்றான் வில்மர்.

மோந்து பார்த்தேன். வந்தது. தெருவில் இறங்கி ஓடினேன்.

மூன்றாவது வீட்டில் பெபெத் மனாங் இருக்கிறாள். எங்கள் பேச்சில் மனாங் என்றால் அக்கா, அவள் என்னைக் கூப்பிடும் இந்தாய் என்றால் தங்கச்சி. ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அவள் பிழைக்க வைத்தவை. அன்றைய கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாய்களில் அவளும் ஒருத்தி என்பதால், மாலை விருந்துக்காகத் தலையில் சுருட்டைக் குழல்களோடு நின்று தன் நீளக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே வந்துவிட்டாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

“கரிஞ்ச வாடைதான். ஆனா அது கார்டு இல்ல, பின்பக்கம் சுட்டுக்கிட்டிருக்கிற பன்னி. இந்தத் தெருவுல இன்னைக்கு எதை மோந்தாலும் பன்னிதான். உன் புருஷனையே மோந்து பாரு.”

கார்டைக் கழற்றித் தலையணை உறையில் சுற்றிக் கடற்சுவருக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அங்கே காற்று சுத்தம். மூன்று பேரும் மாறி மாறி மோந்தோம். சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தி, “என்ன மனாங், கருவாடா? கிலோ எவ்வளவு?” என்றார். பெபெத் மனாங் அவரை முறைத்த முறைப்பில் சைக்கிள் தானாக நகர்ந்தது. கருகிய வாடை இல்லை. உப்பிய இடமும் இல்லை. அவள் வீட்டுச் சோதனைப் பலகையில் செருகினோம். ஒரு நீளம், இரண்டு குட்டை. திரை கறுப்பு. நான் அழுதேவிட்டேன்.

“இரு இந்தாய், அதுக்குள்ள ஒப்பாரி வைக்காத.” கார்டை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் விளிம்பைப் பார்த்தாள். “செருகுற பல்லெல்லாம் கறுத்திருக்கு பாரு. கடல் உப்பு. கரண்ட் போனப்ப பொட்டியை யாராவது நகர்த்துனீங்களா?”

வில்மர் கூரையைப் பார்த்தான்.

“ஜெனரேட்டர் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிட்டுக் கெளம்பினேன் மனாங். வாசல்ல எறங்குறப்பவே கரண்ட் வந்துடுச்சு, திரும்பிட்டேன்.”

“குலுக்கியிருக்க. உப்பு புடிச்ச பல்லு, ஒட்டியும் ஒட்டாம இருந்தது, இப்ப விட்டிருக்கு. இல்லேன்னா நெசமாவே போயிருக்கு. ஸ்பிரிட்டுல துடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

“துடைங்க மனாங்!”

“நானா?” இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். “இவ்வளவு நேரமா இஸ்திரி போட்ட கை. இந்தச் சூட்டுல ஈரம் பட்டா பாஸ்மா புடிச்சுக்கும். அப்புறம் ஆயுசுக்கும் கை நடுங்கும்.”

“நீங்க படிச்சவங்க மனாங்.”

“படிச்ச கைன்னா பாஸ்மா பயந்து ஓடிருமா?”

வில்மரைப் பார்த்தேன். “நானும் காலையிலேர்ந்து கேமரா தூக்கின கை...” என்று இழுத்தான். இரண்டு பேரையும் கடலில் தள்ளலாம் போலிருந்தது. நானே உட்கார்ந்து துணியில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தேன். துணி கறுத்தது. கை மடியில் சும்மா கிடந்தாலும் மனாங்கின் வாய் சும்மா இல்லை. “மெதுவா. பல்லு தேய்க்கிற மாதிரி. உன் பல்லு இல்லடி, கைக்குழந்தை பல்லு.” மூன்று தடவை துடைத்து, காயவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செருகினேன்.

ஒரே ஒரு குட்டைச் சத்தம். திரை நீலமாக விழித்துக்கொண்டது.

நான் கத்திய கத்தலில் பன்றி சுடுகிறவர்கள் வேலியருகே ஓடிவந்தார்கள். வில்மர் மனாங்கின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கப் போனான். “கையை நனைக்காதடா பாவி!” என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அப்புறம் கார்டை எங்கள் பெட்டியில் செருகி உட்கார்ந்தவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. படம் முடிந்தபோது ஆறாக ஐந்து நிமிஷம். விருந்துக் கூடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அணைக்கும் நேரத்தில் சலோமே அத்தை நுழைந்தாள். கசங்கிய சட்டை, கழுத்தில் விமானத்துத் தலையணை. மகளும் அவளும் கட்டிப்பிடித்து அழுத அழுகைக்குப் பத்து நிமிஷம் போனது. மெர்லிண்டே விலகி, “அம்மா, மொதல்ல பாரு” என்று என் பக்கம் தலையசைத்தாள்.

துணியில் சர்ச் கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் மெர்லிண்ட் தனியாக நடக்கத் தொடங்கினாள். அத்தை நாற்காலியில் உட்காரவில்லை. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று முன்னால் போனாள், இன்னும் முன்னால் போனாள், ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குள்ளேயே போய்விட்டாள். பின்வரிசையிலிருந்து யாரோ “மறைக்குது!” என்று குரல் கொடுத்தார்கள்.

“மாப்பிள்ளையே தெரியல” என்று வில்மர் என் காதில் கிசுகிசுத்தான்.

“அவனைத்தான் ஆயுசு முழுக்கப் பாக்கப் போறோமே” என்றேன்.

பின்வரிசையும் அடங்கிவிட்டது. துணியில் மெர்லிண்ட் மெதுவாக நடந்து வந்தாள். கழுத்தில் தலையணை மாட்டிய ஒரு நிழலும், அவளோடு ஒட்டி, அடி அடியாகப் பீடத்துக்கு நடந்துகொண்டிருந்தது.