சாமிக்கு முன்னால் கோட்டு

வீரய்யா அண்ணன் கோட்டைக் கழற்றி மடித்துப் படகுப் பலகையில் வைத்தார். படகில் போடுகிற லைஃப் ஜாக்கெட்டைத்தான் எங்கள் ஆட்கள் கோட்டு என்பார்கள். இந்தப் பெயரை எவன் வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக. கோட்டு என்றதும் அது உடுப்பாகிவிட்டது. உடுப்பென்றால் சாமிக்கு முன்னால் ஆம்பளை கழற்றத்தானே வேண்டும்.

டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம், டேம் கட்டினபோது தேயிலைத் தோட்டத்தோடு முங்கிப்போன கோயில் ஒன்று எங்கள் தண்ணிக்கு அடியில் கிடக்கிறது. என் புருஷன் பிரதாப் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறார். நான் கோட்டு மாட்டிவிட்டுக் கூடவே போவேன். அந்தத் தோட்டத்துப் பழைய குடும்பங்கள் வந்தால், கோயிலுக்கு மேலே படகை நிறுத்திச் சூடம் காட்டுவார்கள். அது சரியாக எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது, ஒரு குத்துமதிப்புதான். அன்றைக்கு வீரய்யா அண்ணனும் அவர் சம்சாரம் ரஜனி அக்காவும் பூண்டுலோயாவிலிருந்து வந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது, குலசாமிக்குச் சொல்ல வேண்டும்.

"அண்ணே, கோட்டு மட்டும் இருக்கட்டுமே. காத்து ஒரு மாதிரியா இருக்கு."

"சாமிக்கு முன்னாடி கோட்டு போட்டுக்கிட்டு நிக்க நான் என்ன தொரையாம்மா?"

பிரதாப் சிரித்தார். ஓட்டுகிற மனுஷனே சிரித்தபிறகு நான் என்ன சொல்ல. அந்தக் கோட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

நங்கூரத்தைப் படகின் முன்பக்கம்தான் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் படகு காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும், அலை ஏறி உள்ளே விழும். பிரதாப்புக்கு இது தெரியாததில்லை. சாமியைப் பார்த்து நிற்கிற பக்கத்திலிருந்து இரும்பைப் போடுவதா என்று, அந்த இடத்தில் மட்டும் பின்னால் கட்டுவார். நானும் எத்தனையோ தடவை சண்டை பிடித்துவிட்டேன். "ஒனக்கு பக்தியே இல்ல" என்பார்.

அண்ணன் முன்னால் நின்று சூடத்தைக் கொளுத்தினார். அப்போதுதான் மலையிலிருந்து காற்று இறங்கியது, பின்னாலேயே கண்ணை மறைக்கிற மிஸ்ட்டும் வந்தது. பின்பக்கம் அலை ஏற ஆரம்பித்தது. பிரதாப் நங்கூரத்தை இழுத்தார், வரவில்லை.

"என்னாங்க, மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு."

"எதுல?"

கோயிலில்தான் மாட்டியிருக்கிறது என்று அவர் முகமே சொன்னது. ஓங்கி இழுக்கக் கை வரவில்லை அவருக்கு. மோட்டாரைப் போட்டு மெல்ல நகர்த்திப் பார்த்தார். கயிறு விறைத்துப் படகின் பின்பக்கத்தைக் கீழே அமுக்கியது. தண்ணி முழங்கால் வரைக்கும் ஏறியது. ரஜனி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "லோஜினி, அவருக்கு நீச்சல் தெரியாதும்மா."

"அண்ணே, உக்காருங்க!"

"இரும்மா, சூடம் அணையட்டும்." தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார்.

முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. பிரதாப், தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். படகு ஒரே துள்ளலாக முன்னால் பாய்ந்தது. நான் விழுந்து எழுந்து பார்த்தேன். முன்பக்கத்தில் ஆள் இல்லை.

ஒரு தடவை தலை தெரிந்தது. கோட்டைத் தூக்கி வீசினேன், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. பாதி முங்கின படகில் சுற்றிச் சுற்றி வந்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிஸ்ட்டில் கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை, அது விலகினபிறகுதான் கரை சேர்ந்தோம்.

கயிற்றை அறுக்காமல் விட்டிருந்தால் நாலு பேருமே போயிருப்போம், அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் விழுந்த இடத்துக்கு அந்தக் கயிறு ஒன்றுதான் அடையாளம். அதுவும் தண்ணிக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் நேவிக்காரர்கள் வந்தார்கள். வெயில் அடித்தது, தண்ணி அசையாமல் கிடந்தது. முங்கித் தேடுகிறவன் சின்ன வயசுக்காரன், மரியாதையாகத்தான் கேட்டான். "கொஹெத?"

சிங்களத்தில் எங்கே என்று கேட்கிறான். பிரதாப் நேராகக் கை காட்டினார். எனக்கு அது இன்னும் இடது பக்கம் என்று பட்டது, நான் அங்கே காட்டினேன். ரஜனி அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு வேறொரு பக்கமாகக் கையை நீட்டினார். நீட்டின கையை இறக்கவில்லை. அந்தப் பையன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே தண்ணிக்குள் இறங்கினான்.