காந்தம் ஒட்டாத கார்

பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது அவர் தொழில். அந்த வட்டாரத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'காந்தம்' என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். காரின் உடம்பில் வைத்தால் இரும்புத் தகட்டில் பச்சக்கென்று ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி போட்டு அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாது, வழுக்கி விழும். அப்படி விழும்போது விற்கிறவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு குஷி உண்டு.

அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு பல் டாக்டர். கூரை மடக்கும் பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதைப் பழுது பார்த்துப் புதுசாக்கியவர் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுப் பின்கட்டு ஷெட்டிலேயே வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த வேலை. முடித்த கொஞ்ச நாளில் மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது விற்பது அவர் மனைவி. துணி தைக்கிறவர். காரின் துணிக் கூரையை அவரே தைத்திருந்தார். கூடவே மருமகன் நின்றிருந்தான், எதிலும் தனக்கொரு கருத்து உண்டு என்கிற தோரணையில்.

காந்தம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். இரும்புக் கூரை இல்லாத காரில் அடிச்சட்டம் பலவீனமானால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும், கதவு இடுக்கைப் பார்த்தாலே தெரிந்துபோகும். இதில் இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். கீழே படுத்துக் காரின் அடித்தரையைத் தட்டினார், நல்ல இரும்புச் சத்தம். கூரையை ஏற்றி இறக்கினார். தையல் ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. ஒரு குறையும் கிடைக்காதது அவருக்கு என்னவோ போலிருந்தது. பின்னால் டாக்டர் கை கட்டி நிற்கிறார். ஒன்றுமே சொல்லாமல் போவதற்கா இவ்வளவு தூரம் கூட்டி வந்தார்?

காந்தத்தை எடுத்து டிக்கி மூடியில் வைத்தார். விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கும் விழுந்தது. பானெட்டுக்குப் போனார், அங்கேயும் அதே கதை.

"பார்த்தீங்களா டாக்டர்? மேலே அலங்காரம், உள்ளே அத்தனையும் பட்டி. இது கார் இல்ல, பவுடர் பூசின மாவுப் பொம்மை. மழையில நிறுத்தினா கரைஞ்சிடும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன் அத்தை, மாமா அவசரப்பட்டு ஏதோ பண்ணிட்டாருன்னு" என்றான் மருமகன்.

அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. "தகடு அடிச்சுத்தான் பண்ணினேன்னு சொன்னாரு சார். பட்டி போடறது தனக்குப் பிடிக்காதுன்னு சொல்லுவாரு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

சொல்லிக்கொண்டே டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு மூடக் கை வைத்தவருக்குத் திக்கென்றது. மூடி பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. பட்டி அப்பிய இரும்பு மூடி இப்படி இருக்காது. பூட்டு உரசி உரசிப் பெயிண்ட் போயிருந்த உள் விளிம்பைப் பார்த்தார். துருவின் சிவப்பு இல்லை, பளிச்சென்ற வெள்ளை. அலுமினியம். கம்பெனியிலேயே எடை குறைக்க மூடிகளை மட்டும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இந்த ரகக் காரை அவர் அதுவரை தொட்டதில்லை, வருவதற்கு முன் நாலு வரி படித்துப் பார்க்கவும் இல்லை. பெயிண்டின் கனம் அளக்கும் கருவியை 'எதுக்கு அது' என்று வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்.

டாக்டர் அதற்குள் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முழுக்கவா சார்? பானெட்டும் அப்படித்தானா?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல தருணம். டாக்டரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். மருமகன் தன்னையே பார்ப்பது காந்தத்துக்குத் தெரிந்தது.

"ஆமாம்மா. அப்படித்தான் தெரியுது" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் டாக்டர், "நீங்க இல்லன்னா ஏமாந்திருப்பேன்" என்று புகழ்ந்துகொண்டே வந்தார். காந்தம் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டில் சோறு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலையில் தனியாகப் போனார். ஷெட் திறந்து கிடந்தது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, மடியில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு கையை உதறிக்கொண்டிருந்தார். டிக்கி மூடியின் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டு உலோகம் வெள்ளையாக மின்னியது. பானெட்டிலும் அதே மாதிரி.

"வாங்க சார்" என்றார். "பட்டி எங்கேயும் வரல. இன்னும் ஆழமாச் சுரண்டணுமா?"

காந்தம் அவசரமாகக் கிட்டே போனார்.

"வேணாம்மா. அதுல பட்டியே இல்ல. அது அலுமினியம், காந்தம் ஒட்டாது. உங்க வீட்டுக்காரர் சுத்தமான வேலை பண்ணியிருக்காரு. தப்பு என்னோடது."

அந்த அம்மா உப்புத்தாளைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, பிறகு மெல்ல அது வேறாக மாறியது.

"இது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். 'வீட்டுக்குப் போய்ப் படிச்சேன்' என்றால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"நேத்தே. டிக்கியை மூடினப்போ."

"அதுக்கப்புறம்தானே நான் பானெட்டைப் பத்திக் கேட்டேன்?"

காந்தம் தலையாட்டினார்.

"ராத்திரி பூரா அவரைத் திட்டிக்கிட்டே சுரண்டினேன் சார். என்கிட்டயே பொய் சொல்லிட்டியேன்னு. வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "அவர் இருந்தா, கோச்சுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவேன். இப்போ யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

காந்தம் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டு, அந்த அம்மா காது கேட்க நடந்ததைச் சொன்னார். டாக்டர் வேறு காருக்கு நேற்றே வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணல" என்று மரியாதையாகவே வைத்துவிட்டார்.

"பெயிண்ட் நான் அடிச்சுக் குடுக்கறேம்மா."

"அடிச்சுக் குடுங்க. ஆனா விலை சொல்ல வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அதே நிறம் கிடைக்க நாலைந்து கடை ஏறி இறங்கினார். பெயிண்டர் வேலை செய்த நாளெல்லாம் ஷெட் வாசலில் நின்றார். அந்த அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து வெளியே வரவில்லை. மருமகன்தான் வந்து, தடவிப் பார்த்து, "பரவாயில்ல" என்றான். பிறகு வேறொரு மதிப்பீட்டாளர் வந்து காரை மெச்சி எழுதிக் கொடுத்தார், காரும் நல்ல விலைக்குப் போனது.

அலுமினியத்தில் காந்தம் வைத்து ஏமாந்த கதை தொழில் வட்டாரத்தில் பரவ ரொம்ப நாள் ஆகவில்லை. யாராவது கிண்டல் செய்தால் இப்போது அவரே முந்திக்கொண்டு விலாவாரியாகச் சொல்லுவார். மாவுப் பொம்மை என்று சொன்னதைச் சொல்லுவார். மூடி பஞ்சு மாதிரி இருந்ததைச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

மூடியைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்த அம்மா பானெட்டைப் பற்றிக் கேட்டதையும், தான் அதற்கு 'ஆமாம்மா' என்றதையும் அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.