பெட்டியோடு ஒரு சுற்று

என் தம்பி வல்லரசுவின் ஆராய்ச்சியில் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. அவன் உடம்பைத் தின்றுகொண்டிருந்த குடல் அழற்சியைப் பற்றித்தான் அவன் படித்தான். அழற்சி கிளம்பும்போது ஒரு புரதம் செல்லின் கருவுக்குள் புகுந்து மரபணுக்களை முடுக்கிவிடுமாம். அவன் எடுத்த இலைச்சாறு அதைத் தடுக்கிறதா என்று பார்க்க, அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். சின்னக் குப்பி. ஐஸ் பெட்டியில் வீட்டு விலாசத்துக்கே வரும்.

"உனக்கு மருந்தாடா அது?"

"மருந்தில்லக்கா. புரதம் எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்கும், அவ்ளோதான். சில்லுனு இல்லன்னா அதுவும் செய்யாது."

சித்ரா பௌர்ணமியன்று காலையில் கூரியர்காரர் போன் செய்தார். "கிரிவலக் கூட்டம், ஊருக்குள்ள வண்டி விடலம்மா. வேங்கிக்கால்ல நிக்கிறேன். வந்து வாங்கிக்கிறீங்களா?"

தம்பியால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் போனேன்.

திரும்பும்போது கூட்டத்தோடு நடந்தேன். ராஜகோபுரத்தின் முன்னால், பெட்டியை மார்போடு அணைத்தபடியே தம்பிக்காக வேண்டிக்கொண்டேன். செங்கம் ரோட்டில் எங்கள் தெருமுனை வந்தது. வேண்டிக்கொண்டு தொடங்கியதைப் பாதியில் விடக் கூடாது என்று தோன்றியது. பெட்டியின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. தெருவுக்குள் திரும்பாமல் மலையைச் சுற்றப் போனேன்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. அவன் பெட்டியைத் திறந்தான். ஐஸ் பைகள் வெதுவெதுப்பாகத் தளும்பின.

"எங்கக்கா போன?"

"சுத்திட்டு வந்தேன்டா. உனக்காக."

குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "பதினாலு கிலோமீட்டரா? புண்ணியமெல்லாம் இந்தக் குப்பிக்கே போயிருக்கும்க்கா."

நான்கு நாள் கழித்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தே சோதனையைச் செய்தான். மறுநாள் வந்த சோதனைப் படம் வெறுமையாக இருந்தது.

"சாறு வேலை செஞ்சிடிச்சாடா?"

"இல்லக்கா. சாறே ஊத்தாத எடத்துல புரதம் பளிச்சுனு தெரியணும். அங்கயும் ஒண்ணுமில்ல. ஆன்டிபாடி கெட்டுப்போச்சு."

"வேற வாங்கலாம்டா."

"எங்க கைடு சார் இப்பவே ஆர்டர் போட்டுடுவாரு. வர ஆறு வாரம் ஆவும்."

நான் அழுதேன். "பசிக்குது, வா இட்லி சாப்பிடலாம்" என்றான். அவன் வாய்விட்டுப் பசி என்று சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது வாரம் போய்விட்டான்.

காரியம் முடிந்த சில நாளில் அதே கூரியர்காரர் அழைத்தார். "அன்னிக்கி மாதிரி நீங்க அலைய வேணாம்மா. இன்னிக்கி ரோடு ஃப்ரீயா கீது. வாசல்லயே தந்துடறேன்."

ஐஸ் கல்லாக உறைந்திருந்தது. ஆய்வகத்தில் கேட்டேன். அந்தச் சோதனையைத் தொடர ஆள் இல்லை என்றார்கள். வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

குப்பி எங்கள் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் இருக்கிறது. கரண்ட் போனால், யாரும் திறந்துவிடாதபடி கதவில் கை வைத்துக்கொண்டு, வரும்வரை நிற்கிறேன்.