கையில் ஏதாவது இருக்கட்டும்

பரிமளா பாம்பு வாங்கப் போன அன்று, அவள் வீட்டு நடை தெருவைவிட நீளமாகியிருந்தது. தெரு என்றால் பெட்டிக்கடையில் தொடங்கிக் குப்பைத்தொட்டியில் முடிந்துவிடும். நடை அப்படியில்லை. வாசலறையிலிருந்து பின்னறையை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

பின்னறையில் அவள் கணவன் கலியபெருமாள் இருந்தான். சட்டைக்கு இஸ்திரி போடப் போனவன். போட்டு முடித்துத் திரும்பி நடந்தான். அவன் ஓரடி வைத்தால் நடை ஒன்றரை அடி வளர்ந்தது. குணசாலி என்பதால் கோபப்படாமல் நடந்துகொண்டே இருந்தான்.

பாம்பு இல்லாத வீடு இப்படித்தான் ஆகும். நடையில் ஒரு பாம்பு குடியிருந்தால் நடை நீளாது. பாம்பு நன்றாகத் தின்றால் நடை சுருங்கவும் செய்யும். இது ஊரறிந்த விஷயம், பரிமளாவும் அறிந்ததுதான். முதலில் ஃபிரிட்ஜ், அப்புறம் பாம்பு என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது, கணவனைக் காணோம்.

"பரிமளா, காபி" என்று அவன் காலையில் கூப்பிட்டது மத்தியானம்தான் வந்துசேர்ந்தது. அவள் டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றித் தரையோடு தள்ளிவிட்டாள். அது சறுக்கிக்கொண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்ற சத்தம் கேட்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாம்புக்கடை பேருந்து நிலைய மாடியில், செல்போன் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கப் பெரிய கடை. உள்ளே போனால் ஓர் ஆள் நிற்கத்தான் இடம்.

"கடை ரொம்பச் சின்னதா இருக்கே" என்றாள் பரிமளா.

"இத்தனை பாம்பு இருந்தா எங்க நீளும்?" என்றாள் கடைக்காரி சலோமி. அவள் வாயில் பாக்கு இருந்தது. "மொத பாம்பா?"

"ஆமாக்கா."

பரிமளா ஒரு பச்சைப் பாம்பைக் காட்டினாள். கண்ணைப் பறிக்கிற பச்சை.

"வேண்டாம். அழகா இருக்கும், தின்னாது."

"அப்ப அது?"

"அது படம் எடுக்கும். உங்களால முடியாது."

"என்ன முடியாது?"

"சும்மா இருக்க."

சலோமி இடுக்கியில் செத்த எலி ஒன்றைப் பிடித்து ஒவ்வொரு தொட்டியாக நீட்டினாள். மூலையில் கிடந்த பழுப்புப் பாம்பு மட்டும் அதை வாங்கிக்கொண்டது. சம்பளம் வாங்கும் குமாஸ்தா போல வாங்கிக்கொண்டது. பார்க்க ஒரு பழைய பெல்ட்டாட்டம் இருந்தது. விஷமில்லை. கண் தெளிவாக இருந்தது.

"இதான் உங்களுக்கு. ஒரு பக்கம் பல்பு போடுங்க, ஒரு பக்கம் நிழலா இருக்கட்டும். குடிக்கத் தண்ணி வைங்க. வாரம் ஒரு எலி. எலிய ஃப்ரீசர்ல வச்சுக்கலாம்."

"ஃபிரிட்ஜ் இருக்குக்கா."

"நல்லது. கண்ணு ஒருநாள் பால் மாதிரி மங்கும். தின்னாது. நடையும் கொஞ்சம் நீளும். பயந்துராதீங்க, தோல் உரிக்கப்போவுதுன்னு அர்த்தம், உரிக்க ஆரம்பிச்சா கிடுகிடுன்னு சுருங்கிரும். தொடாம விட்டுருங்க."

"பால் ஊத்தணுமாக்கா?"

சலோமி பாக்கைத் துப்பிவிட்டு வந்தாள். "பாலும் கூடாது, முட்டையும் கூடாது. மஞ்சள் குங்குமம் பக்கத்துலயே கொண்டுபோகாதீங்க. முக்கியமா, அதப் பாத்துக் கன்னத்துல போட்டுக்காதீங்க. போட்டுக்காதவரைக்கும் அது வளர்ப்புப் பிராணி. போட்டுக்கிட்டீங்கன்னா சாமி. சாமி இருக்கற எடம் வீடில்ல, கோயில். கோயில் பிரகாரத்துக்கு நீளம் இவ்வளவுதான்னு யாரு சொல்றது?"

பரிமளாவுக்குக் கீழ்வீட்டு தெய்வநாயகம் நினைவுக்கு வந்தார். அவரும் நன்றாகத் தின்கிற பாம்பாகத்தான் வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தவர், ஈரத்தலையோடு அதன் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மனைவி இப்போது ஏதோ ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எந்தத் தூண் என்று தெரியாது. அவர் தன் வீட்டு வாசலிலேயே கற்பூரம் விற்கிறார்.

"எனக்குக் கை சும்மா இருக்காதுக்கா" என்றாள் பரிமளா. உண்மைதான். பஸ்ஸில் போகும்போது கோபுரம் தெரிந்தால் போட்டுக்கொள்வாள். கோபுரம் மாதிரி தெரிகிற தண்ணீர்த்தொட்டிக்கும் போட்டுக்கொள்வாள். பிறகு அசடு வழிவாள்.

"அப்ப கையில ஏதாவது வச்சுக்குங்க."

பரிமளா பாம்புத் தொட்டியை நடையின் தொடக்கத்தில் வைத்தாள். பல்பு போட்டாள். வழியில் இரண்டு தேங்காய் வாங்கியிருந்தாள். நடைப் பக்கம் போகும்போதெல்லாம் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டாள். எலி கொடுக்கும்போது வலக்கையில் இடுக்கி, இடக்கையில் தேங்காய். தொட்டியின் மூடியை முழங்கையால் திறக்கப் பழகினாள்.

பாம்பு தின்றது. நடை சுருங்கியது. காலைக் காபிக்குக் கூப்பிட்ட குரல் இட்லி வேகும் நேரத்துக்குள் வந்தது. பிறகு ஒருநாள் நடையின் கடைசியில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்கு நீலச் சட்டை முளைத்தது. சட்டை கசங்காமல் இருந்தது. பரிமளா நின்று அழுதாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் தேங்காய் இருந்தது.

அந்த வாரத்தில் பாம்பின் கண் மங்கியது.

எலியை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. நடை சுருங்குவது நின்றது. மறுநாள் நீலச் சட்டை கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது.

"நீ பின்னால போறியா?" என்று கலியபெருமாள் கத்தினான்.

"இல்லங்க. இங்கதான் நிக்கிறேன்."

"அப்ப நான்தான் போறேன் போலிருக்கு. சரி, நடக்கறேன்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. தெய்வநாயகம் ஒரு சொம்புப் பாலோடு நின்றார். நெற்றி நிறைய விபூதி.

"கண்ணு மங்கியிருக்காமே. கொஞ்சம் பால் காட்டிப் பாப்போம்மா."

"வேண்டாங்க. தோல் உரிக்குது."

"ஒரே ஒரு தடவை கும்புட்டுட்டுப் போயிர்றேன்."

"நீங்க கும்புட்டதெல்லாம் போதும் சார்."

அவர் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். சொம்பைக் கீழே வைத்தார். கை மேலே போக ஆரம்பித்தது. பரிமளா இரண்டு தேங்காயையும் அவர் கையில் திணித்தாள். அவர் கனம் தாங்காமல் கையைத் தாழ்த்தினார். இப்போது அவள் கை காலியாக இருந்தது. சட்டென்று பால் சொம்பை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே படியிறங்கினார்கள். கீழே போய்த்தான் மாற்றிக்கொண்டார்கள்.

"உங்க வீட்டம்மா கூப்பிடறாங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"மணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கறதில்லம்மா" என்றார் தெய்வநாயகம். கற்பூரத்தட்டின் மேல் ஈ ஓட்டினார்.

அன்றிலிருந்து பரிமளா சமையலறைக்குக்கூட அதிகம் போகவில்லை. தொட்டிக்கு எதிரே முக்காலி போட்டு, மடியில் தேங்காயும் தேங்காய் மேல் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பயம் நெஞ்சுக்குள் இருந்தது. வேண்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வேண்டிக்கொள்ள அங்கே இருந்தது பாம்பு ஒன்றுதான். அதனால் வேண்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் காலால் நகர்த்தி வைத்தாள்.

ஒரு நாள் காலையில் பாம்பின் கண் தெளிந்தது. அது கல்லில் மூக்கைத் தேய்த்தது. மூக்கருகே தோல் விட்டது.

நடை கிடுகிடுவென்று சுருங்கியது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கலியபெருமாள் நடந்து வந்தான். முகம் தெரிந்தது. தாடி தெரிந்தது. அவள் தினமும் தள்ளிவிட்ட டிபன் பாக்ஸ்களை அடுக்கி அக்குளில் இடுக்கியிருந்தான். தொட்டிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றான். அதற்கு மேல் அவன் கால் நகரவில்லை.

"இளைச்சிட்டியே" என்றான்.

"நீங்க மட்டும்?"

"கையக் குடு. ஒரு இழுப்பு இழு, வந்துருவேன்."

பரிமளா தேங்காய்களைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். அவன் விரல் நுனி அவள் விரல் நுனியில் பட்டது. சூடாக இருந்தது.

அப்போது தொட்டிக்குள் பழந்தோல் முழுதாகக் கழன்றது. அதிலிருந்து பாம்பு வெளியே வந்தது. பழைய பெல்ட் இல்லை. எண்ணெய் தடவி விளக்கிய வெண்கலம் மாதிரி இருந்தது, பல்பு வெளிச்சம் அதன் உடம்பெல்லாம் ஓடியது. அது தலையை உயர்த்திப் பரிமளாவை நேராகப் பார்த்தது.

அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கைதான் போயிற்று. வலக்கை இடக்கன்னத்திலும் இடக்கை வலக்கன்னத்திலும் மெதுவாக மூன்று தடவை பட்டன. பட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

காலுக்கடியில் மொசைக் தரை குளிர்ந்து கருங்கல்லானது. ஒரு தூண் வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது. கலியபெருமாள் நீட்டிய கை நீட்டியபடியே தூண்களுக்கு நடுவில் சின்னதாகிக்கொண்டு போனது. எங்கோ மணி அடித்தது.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். தெய்வநாயகம் படியேறி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். அவள் பக்கத்தில் ஒரு கற்பூரத்தட்டையும் சில்லறைக்கு ஒரு டப்பாவையும் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் கழித்து ஒரு குரல் வந்துசேர்ந்தது. தெரிந்த குரல்தான். ஆனால் வழியில் எத்தனையோ தூண்களில் பட்டுத் தேய்ந்திருந்தது.

"ஏம்மா, நடை எப்பத் திறப்பாங்க?"

பரிமளா இரண்டு தேங்காயையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெறந்துதான் இருக்குங்க" என்று உரக்கச் சொன்னாள். "நடந்து வாங்க."

அந்தப் பதில் அவனிடம் போய்ச்சேர நேரமாகும். அதுவரை தட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.